ஆய்வேடு எழுதக் கற்றல்

கொழும்பிலிருந்து கண்டி வீதியாற் செல்வோர் களனி கங்கையைக் கடந்து, பேலியகொடையையும் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் தளுகமவிலே காணும் களனிப் பல்கலைக்கழகம், இந்நாட்டின் பழைய கல்வி மரபும் புதிய ஆராய்ச்சி முறையும் ஒன்றையொன்று சந்தித்த இடங்களுள் ஒன்றாகும். 1875ஆம் ஆண்டிலே ரத்மலானை ஸ்ரீ தம்மாலோக தேரர் பேலியகொடையில் நிறுவிய வித்தியாலங்காரப் பிரிவெனா, பாளியும் சமஸ்கிருதமும் பௌத்த சாஸ்திரங்களும் பிக்குமாருக்குக் கற்பித்த ஸ்தாபனமாக நெடுங்காலம் விளங்கி, 1959இல் பல்கலைக்கழகமாகி, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஒன்றாகி, 1978இலே இன்றுள்ள பெயரைப் பெற்றது. மனனமும் உரை விளக்கமும் முதன்மை பெற்றிருந்த அப்பழைய சாலையின் வழிவந்த கழகத்திலே, இன்று மருத்துவம், விஞ்ஞானம், வணிகம், சமூக விஞ்ஞானம், மொழியியல் முதலாய துறைகளில் மாணாக்கர் தாமே வினாவெழுப்பி, தாமே சான்று தேடி, தாமே முடிபு கூறும் ஆய்வேடுகளை எழுதுகின்றனர். அவ்வாறு எழுதக் கற்றல் எத்தகைய முயற்சி என்பதைப் பொதுமக்களும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், இறுதியாண்டிலே தம் பிள்ளை இரவு பகலாக எதனை எழுதிக்கொண்டிருக்கின்றது என்பது தாய் தந்தையர் பலருக்கு இன்னும் விளங்காத விஷயமாகவே இருக்கின்றது.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நாள்தோறும் பஸ் ஏறி இக்கழகத்துக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையிலே சிறந்த பெறுபேறு பெற்றவர்கள்; அறிவிலோ முயற்சியிலோ எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆயினும், முதலாண்டிலே விரிவுரையாளர் ஒரு கட்டுரைப் பொருளைக் கொடுத்து, அதைப்பற்றி அறிஞர் கூறியவை யாவை, அவற்றுள் எதனை ஏற்கிறீர்கள், ஏற்பதற்கு ஆதாரம் என்ன என்று வினவும்போது, இவர்களுள் மிகுதியானோர் திகைத்துப் போகின்றனர். பாடசாலையிலும் டியூட்டரியிலும் சேர் தந்த நோட்ஸை எழுத்துப் பிசகாமல் மனனஞ் செய்து, சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகி, புள்ளித் திட்டத்துக்கு அமைய விடையெழுதிச் சித்தியெய்தியவர்களிடம் எவரும் அதுவரை அவ்வாறு கேட்டதில்லை. இத்திகைப்புக்கு ஆங்கில அறிவு போதாமையே காரணம் என்பது எங்கும் வழங்கும் அபிப்பிராயம். ஆங்கிலக் குறைவு உண்மையான இடர்தான். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனினும் பெரிய தடை, வினாவெழுப்பாமல் விடையை மாத்திரம் பெற்றுப் பழகிய பழக்கமே என்பது என் துணிபு. ஆங்கிலம் நன்கு அறிந்த பிள்ளையும் அப்பழக்கத்தோடு வந்தால் ஆய்வேட்டின் முன்னே அதே விதமாகத் திகைக்கக் காண்கிறோம்.

ஆராய்ச்சி முறை மேனாட்டாரிடமிருந்து நாம் இரவல் வாங்கிய பொருள் என்று எண்ணுவோருக்கு நம் பழைய நூல்களை நினைவூட்டல் தகும். ஒரு நூலின் முகப்பிலே, அதனைச் செய்தவர் யார், அது எந்த நூலின் வழியில் வந்தது, எதனைப் பொருளாகக் கொண்டது, யாருக்காகச் செய்யப்பட்டது, அதனால் விளையும் பயன் யாது என்பனவற்றை முன்னரே அறிவித்தல் வேண்டும் என்று பாயிரத்துக்கு விதி வகுத்த நன்னூலார், இன்று பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஆய்வு முன்மொழிவின் உறுப்புக்களையே பெரும்பாலும் கூறியுள்ளார். பிறர் மதங்களை முதலில் எடுத்துரைத்து மறுத்துப் பின்னரே தம் மதத்தை நிறுவும் பொருட்டுச் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இருகூறாக அமைத்த அருணந்தி சிவாசாரியார், முன்னோர் ஆய்வுகளை மதிப்பிடாமல் எவரும் தம் முடிபைக் கூறலாகாது என்னும் நியதியை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டவர். காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளைப் பயின்ற ஒரு சமூகத்துப் பிள்ளைக்கு, எதனை எந்தப் பிரமாணத்தால் அறிந்தாய் என்ற கேள்வி அந்நியமாய் இருத்தற்கு நியாயமில்லை. இடைக்காலத்திலே அம்மரபு அறுந்து, விடையை ஒப்புவிக்கும் வழக்கம் மேலோங்கியதே நமக்கு நேர்ந்த குறை.

ஆய்வேடு என்பது எவ்வளவு உழைப்பைக் கோருவது என்பதற்கு ஓர் அளவு உண்டு. உயர்கல்வி அமைச்சு 2012இல் வெளியிட்டு 2015இல் திருத்திய இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நாலாண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் நிலையிலும் கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் நிலையிலும் உள்ளன. வகுப்பிலே கற்கும் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேர உழைப்பைக் கணக்கிடும் அச்சட்டகம், ஆராய்ச்சிக்கு 100 மணிநேரத்தைக் கணக்கிடுகின்றது. ஆகவே ஆறு கிரெடிட் பெறும் ஓர் ஆய்வேட்டுக்கு 600 மணிநேரம் செலவிடல் வேண்டும். பரீட்சைக்கு முந்திய இரு வாரங்களில் விழித்திருந்து முடித்துவிடக்கூடிய கருமம் அன்று.

அவ்வுழைப்பின் பெரும்பகுதி வினாவை ஒடுக்குவதிலேயே செல்லும். உதாரணமாக, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து மொழியியல் பயிலும் ஒரு மாணவி, இலங்கையிலே தமிழ் மொழியின் நிலை என்ற பொருளில் ஆய்வேடு எழுத விரும்புகிறாள் என்று கொள்வோம். அது ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்காத பொருள். மேற்பார்வையாளர், எந்த இடத்துத் தமிழ், எழுதும் தமிழா பேசும் தமிழா, எந்தக் காலத்துத் தமிழ் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கக் கேட்க, அவள் நாள்தோறும் நடந்து செல்லும் ஜம்பட்டா வீதியின் பெயர்ப்பலகைகளிலே வந்து நிற்கிறாள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. அரச அலுவலகங்களின் பலகைகளில் மும்மொழிகளும் இருத்தல் அதன் விளைவு. ஆனால் எந்தச் சட்டத்துக்காகவும் இன்றித் தம் வியாபாரத்தின் பொருட்டுப் பலகை எழுதுவிக்கும் நகைக்கடைக்காரரும் தையற்கடைக்காரரும் எம்மொழியை மேலே வைக்கின்றனர், எதனைப் பெரிய எழுத்தில் எழுதுவிக்கின்றனர், ஏன்? இதுவே விடை காணத்தக்க வினா.

இனி அவள் செய்ய வேண்டுவன தெளிவாகின்றன. வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று ஒவ்வொரு பலகையையும் படம் பிடித்து, இலக்கமிட்டு, கடையின் வகை, மொழிகள், அவற்றின் வரிசை, எழுத்தின் அளவு என்று நிரல் நிரலாகப் பதிந்துகொள்ளல் வேண்டும். தனக்குப் பிடித்த பலகைகளை மாத்திரம் எடுத்து மற்றவற்றை விடலாகாது. ஏன் விடலாகாது என்பதை அறிதலே முறையியலின் பாதி. இரு மொழி கலந்த ஒரு பலகையை எந்தப் பிரிவிற் சேர்ப்பது என்று ஐயம் எழுந்தால், தான் கொண்ட விதியை எழுதி வைத்து, முடிவு வரை அவ்விதியையே பின்பற்றல் வேண்டும். அதன்பின் கடைக்காரரிடம் அனுமதி பெற்று உரையாடும்போது, தமிழுக்கு முதலிடம் கொடுப்பது பெருமைக்காகத்தானே என்று கேட்பாளாயின் அவர் ஆம் என்றே சொல்வார், அவ்விடை பயனற்றது. இந்தப் பலகையை எழுதுவித்த கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டு வாய்மூடி இருப்பாளாயின், பலகை எழுதுபவர் ஒரு மொழி அறியாதவராய் இருந்தது, பழைய பலகையை அப்படியே பார்த்து எழுதியது, அயற்கடையைக் கண்டு மாற்றியது முதலாக அவள் எதிர்பாராத காரணங்கள் வெளிவரக்கூடும். தான் எதிர்பார்த்ததற்கு மாறான சான்று கிடைக்கும் அந்நாளிலேதான் ஒரு மாணாக்கர் ஆராய்ச்சியாளர் ஆகிறார் என்று நான் நம்புகிறேன்.

குறிப்பெடுத்தல் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆய்வேடுகள் பல பழுதுபடுவது அங்கேதான். நூலொன்றை வாசிக்கும்போது, நூலாசிரியரின் சொற்களை அப்படியே எழுதியது எது, அவர் கருத்தைத் தன் சொல்லில் எழுதியது எது, தனக்குத் தோன்றிய எண்ணம் எது என்று மூன்றையும் வேறுபடுத்திப் பக்க எண்ணோடு எழுதாதவர், ஆறு மாதம் கழித்து அக்கொப்பியைத் திறக்கும்போது எது எவருடையது என்று அறியாமல், தன்னை அறியாமலே பிறர் உடைமையைத் தன்னுடையதாக்கி விடுகிறார். அறிந்தே அவ்வாறு செய்வோரும் இருக்கின்றனர். ஒப்புமை காட்டும் கணினி மென்பொருள்கள் அவர்களுட் பலரை இப்போது பிடித்துக் கொடுக்கின்றன. அடிக்குறிப்பு எதற்கு என்ற கேள்விக்கு, பல்கலைக்கழகம் கேட்கிறது, ஆகவே போடுகிறோம் என்பது விடையாகாது. நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, இதோ இந்த நூலின் இந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள் என்று வாசகருக்கு அளிக்கும் உரிமையே அடிக்குறிப்பு. அந்த உரிமையை அளிக்கத் துணியாத எழுத்து எவ்வளவு அழகாய் இருப்பினும் ஆராய்ச்சியாகாது.

நம்மவருள் இந்நெறியிலே நின்றவர்களை எண்ணிப் பார்ப்பது ஊக்கம் தரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சிற் கொண்டுவந்தார். 1942இலே கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழின் சுரங்களைக் கணித முறையாற் கணக்கிட்டுச் சிலப்பதிகாரத்தின் துணையோடு மீட்டெடுத்த அவர்தம் யாழ் நூல், பல்லாண்டு உழைப்பின் பின் 1947இலே வெளிவந்தது. விஞ்ஞானம் பயில்வோருக்கும் இலக்கியம் பயில்வோருக்கும் இடையே மதில் எழுப்பும் இக்காலத்து வழக்கத்துக்கு அந்நூலே தக்க மறுப்பு.

களனியோடு தொடர்புடையவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1974இலே யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவராகச் செல்வதற்கு முன்னர் வித்தியாலங்கார வளாகத்திலே தமிழ் கற்பித்த அவர், அதற்கும் முன்பு தினகரன் பத்திரிகையின் ஆசிரியராய் இருந்தவர். பத்திரிகைப் பணியின் பின்னர் இங்கிலாந்து சென்று பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். சங்கப் பாடல்களை மேலும் ஒருமுறை புகழ்ந்துரைப்பதை அவர் தம் பணியாகக் கொள்ளவில்லை. ஹோமரின் காவியங்களிலே ஒரே விதமான சொற்றொடர்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் கொண்டு அவை வாய்மொழியாகப் பாடப்பட்டவை என்று மில்மன் பரி என்பார் நிறுவிய முறையைத் தமிழ்ச் சான்றோர் செய்யுட்களின் மேல் வைத்து, திரும்ப வரும் தொடர்களையும் பொருள்களையும் திரட்டி, பாணர் மரபை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1968இல் ஒக்ஸ்போர்டிலே நூலாக வெளியாயிற்று. பின்வந்த ஜோர்ஜ் ஹார்ட் முதலியோர், அப்பாடல்கள் வாய்மொழி மரபைத் தழுவிப் புலவர்கள் இயற்றியவையே என்று மாறுபட்டனர். இவ்வாறு மாறுபட முடிந்தமைக்குக் காரணம், கைலாசபதி தம் சான்றுகளை ஒளிவு மறைவின்றி அடுக்கி வைத்திருந்தமையே. மறுக்கத்தக்க விதமாக எழுதுதல் ஆராய்ச்சியாளரின் நேர்மை. மறுக்கவும் இயலாதபடி மங்கலாக எழுதுதல் அவர் செய்யும் பிழைகளுட் பெரியது.

இதனினும் அரிய உதாரணம் ஒன்று உண்டு. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா, இலங்கையிலே திராவிடக் குடியேற்றங்களும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றமும் என்ற பொருளில் 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்தார். அன்று கிடைத்த சான்றுகளைக் கொண்டு, நிலையான தமிழ்க் குடியிருப்புக்களின் பரம்பலைப் பிற்பட்ட காலத்துக்கே உரியதாக அவர் கணித்தமை நம்மவர் பலருக்கு உவப்பாய் இருக்கவில்லை. அதன்பின் பொம்பரிப்பின் தாழிக்காடு மேலும் அகழப்பட்டது; 1980ஐ ஒட்டி ஆனைக்கோட்டையிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தொன்மையான புதைகுழிகளையும் எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டெடுத்தனர். சான்று பெருகப் பெருகத் தம் பழைய முடிபுகளை மீளாய்வு செய்த இந்திரபாலா, தம் நோக்கு எவ்வாறு மாறிற்று என்பதை வெளிப்படையாகவே கூறி, 2005இல் புதியதொரு நூலை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளின் பின் தம் பெயருக்கு ஆதாரமான ஆய்வேட்டைத் தாமே திருத்துவதற்கு எத்துணை மனவலிமை வேண்டும்! அரசியல் ஆரவாரம் மிகுந்த ஒரு விஷயத்திலே, இருபுறத்தாரின் விருப்பத்துக்கும் செவிகொடாது சான்றுக்கு மாத்திரம் தலைவணங்கிய அச்செயலை ஆராய்ச்சி முறை கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் எடுத்துச் சொல்லல் வேண்டும் என்பேன்.

சான்று தேடும் விஷயத்திலே கொழும்பிலே வாழும் மாணாக்கர் பாக்கியசாலிகள். கொழும்பு ஏழிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திலே ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகளாகிய தோம்புகளும் நிர்வாக ஆவணங்களும் இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இலே உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. 1877இல் அரும்பொருட்சாலையோடு தோன்றிய நூலகம், 1885ஆம் ஆண்டின் சட்டப்படி இந்நாட்டில் அச்சான நூல்களின் பிரதிகளைப் பெற்று வைத்துள்ளது. வெள்ளவத்தை ஐம்பத்தேழாம் ஒழுங்கையிலே, 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கின்றது. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வீட்டிலிருந்தே வாசிக்க வழி செய்திருக்கின்றது. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஒரு சமூகத்துக்கு, எஞ்சிய ஒவ்வொரு தாளும் எத்துணை அருமையானது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் இவ்விடங்களிலே பட்டதாரி மாணாக்கரைக் காண்பது அரிதாகவே இருக்கின்றது. கைப்பேசியின் திரையிலே கிடைப்பது மாத்திரமே உலகிலுள்ள அறிவு என்ற மயக்கம் நீங்கினாலன்றி நல்ல ஆய்வேடு பிறவாது.

எழுதும் முறைபற்றி ஒரு சொல். ஆய்வேட்டை முன்னுரையிலே தொடங்கி முடிவுரை வரை வரிசையாக எழுத முயல்வோர் முன்னுரையிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றனர். சான்றுகளை விளக்கும் நடு அதிகாரத்தை முதலில் எழுதி, முன்னுரையைக் கடைசியில் எழுதுதல் அனுபவசாலிகள் கண்ட வழி. தான் எதனைக் கண்டுபிடித்தார் என்பதை அறியுமுன் எவர்தாம் அதனை அறிமுகஞ் செய்ய முடியும்? முதற் பிரதி குறையுடையதாகவே இருக்கும். மேற்பார்வையாளர் சிவப்பு மையாற் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அதனை அவமானமாகக் கருதி ஒளிந்து திரியாமல், அடுத்த கிழமையே திருத்திய பக்கங்களோடு மீண்டும் அவர் அறைக்குச் செல்லல் வேண்டும். மேற்பார்வையாளருக்கும் ஒரு கடமை உண்டு: பிரதியை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருத்தலும், மொழிப்பிழையை மாத்திரம் திருத்தித் தர்க்கப்பிழையை விட்டுவிடுதலும் மாணாக்கருக்குச் செய்யும் தீங்குகள்.

ஆங்கிலத்தில் எழுதுக என்று துறைகள் விதித்தால் எழுதத்தான் வேண்டும். உலக அறிஞரோடு உறவாடுதற்கு அது அவசியம். 1952இலே ஆங்கிலத்தில் ஒரு தமிழாராய்ச்சிச் சஞ்சிகையைத் தொடங்கி, 1964இலே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணராய் இருந்த தனிநாயகம் அடிகள் அவ்வுண்மையை உணர்ந்தவர். ஆனால் ஜம்பட்டா வீதியைப் பற்றிய ஆய்வை ஜம்பட்டா வீதியார் வாசிக்க இயலாது போவது நியாயமன்று. எந்தத் துறையிலாயினும், தமிழ் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஆய்வின் சாரத்தைச் சாதாரண வாசகருக்கு விளங்கும் தமிழிலே சில பக்கங்களாக எழுதி வெளியிடல் வேண்டும். தமிழிலே தெளிவாகச் சொல்ல முயலும்போது, ஆங்கிலச் சொற்களின் பின்னே மறைந்திருந்த தம் சிந்தனைக் குழப்பத்தையும் அவர்கள் கண்டுகொள்வர்.

வாசகரிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள உங்கள் வீட்டு அலுமாரிகளிலே பழைய கடைக் கணக்கேடுகளும், கோயில் உற்சவ அறிவித்தல்களும், பாடசாலை மலர்களும், அந்தியேட்டியன்று உறவினருக்கு வழங்கிய, குடும்ப வரலாறு அச்சிட்ட கல்வெட்டுக்களும் இருத்தல் கூடும். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே இந்நகரில் எரிந்த வீடுகளோடு அத்தகைய காகிதங்கள் எவ்வளவோ அழிந்தன. மிஞ்சியவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்ச் சங்க நூலகம் போன்ற ஓரிடத்திலே ஒப்படையுங்கள், அல்லது பிரதியெடுக்கவேனும் அனுமதியுங்கள். வினாக்கொத்தோடு வாசலில் வந்து நிற்கும் மாணவியை உள்ளே அழைத்து இருக்கச் செய்து, தெரிந்ததைத் தெரிந்தவாறும் தெரியாததைத் தெரியாது என்றும் அவளுக்குச் சொல்லுங்கள்.